பாட்டி ஏன் வாயைத் திறக்கவில்லை?

பெண்களின் காதலையும் குடும்ப ரகசியத்தையும் வைத்துப் பின்னிய வரலாற்று நாவல்கள் பாதிக்கு மேல் ஒரே மாதிரிதான் தொடங்கும். பாட்டி சாகிறாள். பரணில் ஒரு பெட்டி. உள்ளே கட்டுக் கட்டாகக் கடிதம். பேத்தி உட்கார்ந்து படிக்கிறாள். இந்தத் தொடக்கத்தில் தப்பொன்றும் இல்லை. எத்தனை முறை வந்த பெட்டியானாலும் திறக்கும்போது கை பரபரக்கத்தான் செய்யும். சிக்கல் முந்நூறாவது பக்கத்தில் வருகிறது. ரகசியம் உடைகிறது, வாசகர் "அட, இதைச் சொல்லியிருந்தால்தான் என்ன?" என்று கேட்டுவிடுகிறார். அதற்கு நாவலிலேயே பதில் இல்லையென்றால் அதுவரை எழுதியது அத்தனையும் விழலுக்கு இறைத்த நீர்.

கூச்சம், பிடிவாதம், மானம் ஆகியவை மட்டும் ஐம்பது வருட மௌனத்தைத் தாங்காது. மானம் போனால் அதன் பின்னாலேயே வேறு என்ன போகும் என்று எழுதத் தெரிய வேண்டும். பிள்ளையா, வீடா, வேலையா, பென்ஷனா? இதை ஒரே வரியில் சொல்ல முடியாவிட்டால் ரகசியத்துக்கு இன்னும் பூட்டு மாட்டவில்லை என்று பொருள். பூட்டைச் செய்து கொடுப்பது அந்தக் காலத்துச் சட்டம்.

இங்கிலாந்தையே எடுத்துக்கொள்வோம். இந்த வகை நாவல்களில் கணிசமானவை அங்கேதான் நடக்கின்றன, பதிவேடுகளும் ஒழுங்காக இருக்கின்றன. அங்கே விவாகரத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தது 1857ஆம் ஆண்டுச் சட்டம். மனைவிக்கு வேறொருவரோடு உறவு என்று நிரூபித்தாலே கணவனுக்குப் போதும். மனைவி கேட்டால், கணவனின் கள்ள உறவோடு கொடுமை, இரண்டு வருடம் கைவிட்டுப் போனது, இருதார மணம் என்று இன்னொன்றையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும். 1923 வரை இதே கதி. பிள்ளை விஷயம் இன்னும் மோசம். ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தன்னிடம் விடச் சொல்லித் தாய் நீதிமன்றத்தில் கேட்கலாம் என்பதே 1839இல்தான் வந்தது. அவள்மீது கள்ள உறவு நிரூபணமாகியிருந்தால் அதுவும் கிடையாது. அந்தத் தடை 1873இல் நீங்கியது, வயதும் பதினாறாக உயர்ந்தது. ஆக, 1865இல் ஒரு பெண் வாயை மூடிக்கொண்டிருந்தால் காரணம் தொட்டிலிலேயே கிடக்கிறது. அதே கதையை உடை அலங்காரத்துக்காக 1885க்கு நகர்த்தினால் பூட்டு பாதி கழன்றுவிடும். மௌனத்துக்கு வேறு காரணம் தேட வேண்டும். வருடத்தை முதலில் முடிவு செய்துவிட்டுச் சட்டத்தைப் பிறகு பார்க்கிறவர்கள் சிக்கிக்கொள்வது இங்கேதான். சட்டம் மாறிய வருடங்களை முதலில் வரிசையாக எழுதிவைத்துவிட்டு அவற்றுக்கு நடுவே கதையை வையுங்கள். சட்டம் மாறுவதற்கு ஒரு வருடம் முன்னால் வைத்தால் வேதனை இரட்டிப்பு.

தத்து விஷயத்தில் நடக்கும் பிழைதான் எல்லாவற்றிலும் அதிகம். 1912இல் லண்டனில் பிறந்த குழந்தைக்கு அதே வருடம் நீதிமன்ற முத்திரை குத்திய தத்துப் பத்திரம் ஒன்று பெட்டியில் கிடைக்கும். கிடைக்க வாய்ப்பே இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சட்டப்படியான தத்து என்பதே 1927 ஜனவரி 1 முதல்தான். அதற்கு முன் குழந்தை கைமாறியதெல்லாம் வாய்ப்பேச்சிலும் தனிக் கடிதத்திலும்தான். இன்னொரு வழி, மகள் பெற்ற பிள்ளையை அவளுடைய அம்மாவே "என் கடைசிப் பிள்ளை" என்று வளர்ப்பது. பெற்றவள் அக்காவாகிவிடுவாள். பத்திரத்தைவிட நாவலுக்கு இது எவ்வளவோ மேல். ஒரே வீடு, ஒரே சாப்பாட்டு மேஜை, தன் மகன் தன்னை அக்கா என்று கூப்பிடுகிறான்.

இந்த ரகசியம் எப்படி வெளியே வரும்? மரணப் படுக்கை வாக்குமூலம் வேண்டாம். 1911ஆம் ஆண்டு இங்கிலாந்து மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவத்தைப் பாருங்கள். வீட்டுத் தலைவர் தன் கையாலேயே நிரப்பிய படிவம் அது, அப்படியே பாதுகாக்கப்பட்டிருக்கிறது. மணமான பெண்களிடம் அந்த வருடம் கூடுதலாகச் சில கேள்விகள்: மணமாகி எத்தனை வருடம், இந்த மணத்தில் உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இருப்பது எத்தனை, இறந்தது எத்தனை. அப்பா ஒழுங்கான மனிதர். பெயர்ப் பட்டியலில் எட்டுப் பிள்ளைகளை எழுதுகிறார். பக்கத்துக் கட்டத்தில், பழக்கத்தில், "உயிரோடு பிறந்தவர்கள் 7" என்று எழுதிவிடுகிறார். கடைசிப் பிள்ளைக்கு ஒரு வயது, அதற்கு மேலிருப்பவனுக்குப் பன்னிரண்டு, அம்மாவுக்கு நாற்பத்தாறு, மூத்த மகளுக்கு பத்தொன்பது. யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை, வாசகருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஒரு டைரி நாற்பது பக்கத்தில் செய்ய முடியாததை ஒரு கட்டத்து எண் செய்துவிடும்.

பிறப்புச் சான்றிதழும் அப்படித்தான். 1875 முதல் இங்கிலாந்தில், மணமாகாத தாயின் பிள்ளைக்குத் தகப்பன் பெயரைப் பதிய வேண்டுமானால் அவனும் வந்து கையெழுத்துப் போட வேண்டும். ஆகவே தகப்பன் கட்டம் காலியாக இருந்தால் "யாரென்று அவளுக்குத் தெரியாது" என்று அர்த்தமில்லை, "அவன் வரவில்லை" என்றுதான் அர்த்தம். 1947இல் பெற்றோர் விவரமே இல்லாத சுருக்கச் சான்றிதழ் வந்தது. பள்ளிக்கும் வேலைக்கும் அதைக் காட்டிச் சமாளித்த ஒருத்தி, எதற்கோ முழுச் சான்றிதழ் கேட்கும் நாளில் மாட்டிக்கொள்ளலாம். 1926இல் வந்த இன்னொரு சட்டம், பிள்ளை பிறந்த பிறகு பெற்றோர் மணந்துகொண்டால் அந்தப் பிள்ளைக்கு முறையான வாரிசு நிலை தந்தது. ஆனால் பிறந்த சமயத்தில் இருவரில் ஒருவர் வேறொருவரோடு மணபந்தத்தில் இருந்திருந்தால் கிடையாது. அந்த விலக்கு நீங்கியது 1959இல். நடுவிலிருக்கும் முப்பத்து மூன்று வருடமும் நாவலாசிரியருக்கு விளைநிலம். ஏனோ அதிகம் பேர் இறங்கவில்லை.

ரகசியத்தைப் பூட்டும் சட்டம் எவ்வளவு முக்கியமோ, அதைத் திறந்துவிடும் சட்டமும் அவ்வளவு முக்கியம். ஸ்காட்லாந்தில் 1930ஆம் ஆண்டுச் சட்டமே, தத்துப் போன பிள்ளை பதினேழு வயதில் தன் பதிவைப் பார்க்க வழி வைத்திருந்தது. இங்கிலாந்தில் 1975ஆம் ஆண்டுச் சட்டம் வர வேண்டியிருந்தது. அயர்லாந்தில் முழு உரிமை 2022இல்தான். ஆகவே 1950இல் எடின்பரோவில் பிறந்த பெண்ணும் டப்ளினில் பிறந்த பெண்ணும் தாயைத் தேடிக் கிளம்பும் வயது ஒன்றாக இருக்க முடியாது. முன்னவளுக்கு அம்மா உயிரோடு கிடைக்கலாம். பின்னவளுக்குக் கல்லறைதான் மிஞ்சலாம்.

மக்கள்தொகைப் பதிவேடுகளை பிரிட்டன் நூறு வருடம் மூடிவைக்கும், அமெரிக்கா எழுபத்திரண்டு வருடம். இங்கிலாந்து, வேல்ஸின் 1921 ஏடு 2022 ஜனவரியில் திறந்தது. 1931 ஏடு 1942இல் தீயில் போயிற்று, 1941இல் கணக்கெடுப்பே நடக்கவில்லை. உங்கள் பேத்தி 1931 கணக்கெடுப்பில் தாத்தாவின் ஊரைக் கண்டுபிடிக்கிறாள் என்றால் அவள் எரிந்துபோன காகிதத்தைப் படித்துக்கொண்டிருக்கிறாள். போர் தொடங்கிய 1939இல் எடுத்த தேசியப் பதிவேட்டைப் பயன்படுத்துங்கள். அதை நெடுங்காலம் நடைமுறையில் வைத்திருந்ததால் பெண்களின் பழைய குடும்பப் பெயரை அடித்து, மேலே மணமான பின் வந்த பெயரை எழுதியிருப்பார்கள். இரண்டு முறை அடித்திருந்தால் இரண்டு கல்யாணம். அதில் ஒன்றைப் பற்றி வீட்டில் யாருக்கும் தெரியாது.

இனி கடிதங்கள். 1815இல் கதாநாயகி நடுங்கும் விரலால் உறையைக் கிழிக்கிறாள் என்று எழுதினால், இரட்டைத் தபால் கட்டணத்தையே அவள் மீது ஏற்றிவிட்டீர்கள் என்று அர்த்தம். அப்போது பிரிட்டனில் கட்டணம் தூரத்துக்கும் தாளின் எண்ணிக்கைக்கும் ஏற்ப. உறையும் ஒரு தாளாகக் கணக்காகும், அதனால் கடிதத்தையே மடித்து மெழுகு முத்திரை வைத்தார்கள். இடம் போதாவிட்டால் தாளைத் திருப்பிவைத்து, எழுதிய வரிகளுக்குக் குறுக்கே மறுபடி எழுதினார்கள். இதையெல்லாம்விட கதைக்கு முக்கியமானது, பெரும்பாலும் பணம் கட்டியவர் பெற்றுக்கொள்பவர். கையில் சொந்தக் காசில்லாத மனைவி, காதலன் கடிதத்தை வாங்கக் கணவனிடம் காசு கேட்க வேண்டும்! ஒரு முழு அத்தியாயம் இதில் இருக்கிறது. 1840 மே மாதம் தபால்தலை வந்ததும் அனுப்புபவரே முன்கூட்டிக் கட்டுவது வழக்கமாகத் தொடங்கியது. 1850களில் தெருவில் தபால் பெட்டிகள் வரத் தொடங்கின. வேலைக்காரர் கையில் கொடுக்காமல், அஞ்சலகத்தில் முகம் காட்டாமல், நடந்துபோகும்போதே ஒரு பெண் கடிதம் போட முடிந்தது. ஆகவே 1830இன் ரகசியக் காதலும் 1860இன் ரகசியக் காதலும் ஒரே வேகத்தில் நகரக் கூடாது.

கடிதத்தின் உள்ளடக்கத்துக்கு ஒரே சோதனை: பெறுபவருக்கு ஏற்கெனவே தெரிந்ததை அதில் எழுதாதீர்கள். "என் தங்கை மேரியை, அதாவது உன் மனைவியை..." என்று யாரும் யாருக்கும் எழுத மாட்டார்கள். பாதி புரியாமல் இருப்பதுதான் கடிதத்துக்கு அழகு. ஒரு முதலெழுத்து, ஒரு தேதி, "அந்த விஷயம்" என்ற ஒரு சொல். மிச்சத்தை வேறொரு காகிதம் சொல்லட்டும்.

அடுத்தது கூட்டல் கழித்தல். 1944இல் இருபது வயதான பாட்டி 1924இல் பிறந்தவள், 2024இல் அவளுக்கு நூறு. அவள் தெளிவாக உட்கார்ந்து கதை சொல்ல வேண்டுமானால் "இன்றைய" பகுதியை 1990களுக்கோ 2000த்தின் தொடக்கத்துக்கோ தள்ளுங்கள், அல்லது கொள்ளுப்பாட்டியாக்கிவிட்டுக் காகிதங்களைப் பேச விடுங்கள். பிள்ளைப்பேற்றுக் கணக்கும் உண்டு. கருத்தரித்ததிலிருந்து சராசரியாக 266 நாள். சிப்பாய் 1944 மார்ச் நடுவில் விடுப்பில் வந்தான் என்றால் குழந்தை டிசம்பர் முதல் வாரம். அக்டோபரில் மூன்று கிலோ எடையில் பிறந்த குழந்தையை "ஏழு மாதப் பிள்ளை" என்று மாமியார் நம்பலாம். மருத்துவச்சி நம்ப மாட்டாள். அவள் ஏன் பேசாமல் இருந்தாள் என்பதற்கும் ஒரு வரி வைத்திருங்கள்.

போர்க்கால நாவல்களில் இன்னொரு மௌனமும் கிடைக்கும், அதில் அவமானமே இல்லை. பிளெட்ச்லி பார்க்கில் ஜெர்மன் ரகசியச் செய்திகளை உடைத்த இடத்தில் ஏறக்குறைய நால்வரில் மூவர் பெண்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாக்கினால் 1970களின் நடுப்பகுதி வரை பலர் கணவனிடம்கூட மூச்சுவிடவில்லை. அதற்குள் கேட்க வேண்டிய அப்பா அம்மா பலர் இறந்துவிட்டார்கள்.

டி.என்.ஏ. சோதனையை இப்போது எல்லோரும் கதையில் சேர்க்கிறார்கள், பெரும்பாலும் தப்பாக. சோதனை "உன் தாத்தா உன் தாத்தா இல்லை" என்று வாக்கியம் பேசாது. ஒரு எண்ணைத் தரும். இருவருக்கும் சுமார் 25 சதவீதம் பொதுவாக இருந்தால், அது ஒரு பெற்றோர் மட்டும் பொதுவான உடன்பிறப்பாகவும் இருக்கலாம், தாத்தா பாட்டியாகவும் இருக்கலாம், அத்தை மாமாவாகவும் இருக்கலாம். எதுவென்று வயதையும் ஊரையும் வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். இந்தக் குழப்பத்தை ஒதுக்காமல் பயன்படுத்துங்கள். பேத்தி முதலில் தவறான முடிவுக்கு வரட்டும், ஒரு நல்ல மனிதர்மேல் பழி விழட்டும். உடன்பிறந்த இருவரின் பிள்ளைகளுக்குள் 12.5 சதவீதம், அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகளுக்குள் 3 சதவீதம் சொச்சம். அதையும் தாண்டினால் உண்மையான உறவுகூடச் சில சமயம் சோதனையில் தெரியாது. தாய்வழி மரபணு (மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.) வேறு கணக்கு, அம்மா வழியாக மட்டும் இறங்கும். லெஸ்டரில் 2012இல் கிடைத்த எலும்புக்கூடு மூன்றாம் ரிச்சர்டு மன்னருடையது என்று காட்டியதில் அவர் அக்காவின் பெண்வழி வாரிசுகளுக்குப் பங்குண்டு. அதே அரச குடும்பத்தின் ஆண்வழி வாரிசுகளோடு ஒப்பிட்டால் பொருந்தவில்லை. நடுவில் எங்கோ ஒரு தலைமுறையில் தகப்பன் வேறு. ராஜ குடும்பத்திலேயே அப்படி!

ரகசியத்தை ஒரே ஆள் முழுதாகத் தெரிந்துவைத்திருக்கக் கூடாது. பெற்றவளுக்குக் குழந்தை எங்கே போயிற்று என்று தெரியாது, தங்கைக்கு எங்கே என்று தெரியும், யாருடையது என்று தெரியாது, வக்கீலிடம் பணம் போன கணக்கு மட்டும் இருக்கிறது. மூன்றும் மூன்று இடத்திலிருந்து வர வேண்டும். முதல் துண்டைக் கதையின் மூன்றில் ஒரு பங்குக்குள் கொடுத்துவிடுங்கள். அதற்கு மேலும் இழுத்தடித்தால் வாசகர் முந்திக்கொண்டு கண்டுபிடித்துவிடுவார், அப்புறம் உங்களோடு வருவது மரியாதைக்காகத்தான். பழைய காலத்துக்கு அறுபது சதவீதம், இன்றைக்கு நாற்பது என்பது என் விருப்பம். பேத்தியின் விவாகரத்துக் கவலையைச் சரிபாதி தாங்குகிற நாவல்கள் குறைவு.

முடிவில் ஆசிரியர் குறிப்பு ஒரு பக்கம் எழுதுங்கள். எந்தப் பாத்திரம் கற்பனை, எந்த நிகழ்ச்சியை எத்தனை மாதம் நகர்த்தினீர்கள், எந்தச் சட்டத்தை உள்ளபடியே வைத்தீர்கள் என்று சொன்னால் போதும். அதை நாவலுக்குப் பின்னால் வையுங்கள். முன்னால் வைத்தால் ரகசியம் முதல் பக்கத்திலேயே கசிந்துவிடும்.