வலி குறைந்த பிறகும் எழ முடியாத காலைகள்

2022ஆம் ஆண்டு செப்டம்பரில் என் முதுகெலும்பு அழற்சி நோய்க்காக அடாலிமுமாப் ஊசி தொடங்கப்பட்டது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வயிற்றுத் தோலுக்கு அடியில் போட்டுக்கொள்ளும் 40 மி.கி. ஊசி அது, உடம்பில் காசநோய்க் கிருமி உறங்கிக் கிடந்தால் இந்த மருந்து அதை எழுப்பிவிடக்கூடும் என்பதால், அதற்கான பரிசோதனையை முடித்த பிறகே ஆரம்பித்தார்கள். மூன்று மாதங்களில், காலையில் இரண்டு மணி நேரம் நீடித்துவந்த முதுகு விறைப்பு அரை மணி நேரமாகக் குறைந்தது. வீட்டில் எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். நானோ, எழுந்து உட்கார உடம்பு இடம் கொடுத்த பிறகும், சுற்றும் மின்விசிறியைப் பார்த்தபடி படுத்தே கிடந்தேன்.

“ஏங்க, வலி கொறைஞ்சிருக்குன்னு நீங்கதானே சொல்றீங்க, அப்புறம் ஏன் எழுந்திரிக்க மாட்டேங்கிறீங்க?” என்று மனைவி ஒருநாள் கேட்டார். குறை சொல்லும் தொனி அதில் இல்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார். எனக்கும் பதில் தெரியவில்லை.

எனக்கு இருப்பது ஆன்கைலோசிங் ஸ்பாண்டிலைடிஸ் என்னும் நோய். இடுப்பெலும்பும் முதுகுத்தண்டின் அடிப்பகுதியும் சேரும் மூட்டுகளில் அழற்சி தொடங்கி மெல்ல மேலேறும்; அழற்சி ஆறும் இடங்களில் புது எலும்பு வளர்ந்து முள்ளெலும்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும்; முற்றிய நிலையில் எக்ஸ்ரேயில் முதுகெலும்பு ஒரு மூங்கில் கழியைப் போலத் தெரியும். சாதாரண முதுகுவலி படுத்தால் குறையும், இந்த வலி படுத்தால் கூடும், நடமாடினால்தான் குறையும். 2011இல், எனது 25ஆம் வயதில், பின்னிரவு மூன்று மணிக்குப் புட்டத்தில் தொடங்கிய வலியை ஐந்து ஆண்டுகள் டிஸ்க் பிரச்சினை என்றே சொல்லி, இடுப்புக்குப் பெல்ட்டும் படுக்கை ஓய்வும் எழுதிக் கொடுத்தார்கள். இந்த நோய்க்குக் கூடாத ஒன்றை நானும் கீழ்ப்படிதலோடு செய்துவந்தேன். 2016இல்தான் ஒரு மூட்டுவாத மருத்துவர், “வலி காலைல எழுந்திரிக்கும்போது அதிகமா, சாயங்காலம் அதிகமா?” என்று கேட்டார். அந்தக் கேள்வியை அதுவரை எவரும் என்னிடம் கேட்டதில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்ததும் இந்த நோயோடு தொடர்புள்ள எச்.எல்.ஏ. பி27 என்ற மரபணுவுக்கான ரத்தப் பரிசோதனை செய்ததும் அதற்குப் பிறகுதான்.

நான் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியர். கரும்பலகையில் எழுதிவிட்டு மாணவர்களைப் பார்க்க வேண்டுமானால் கழுத்து மட்டும் திரும்பாது, உடம்பு முழுவதையும் திருப்பியாக வேண்டும். அதைக்கூடப் பழகிக்கொண்டேன். ஆனால் ஒரு கணக்கை மூன்று விதமாகப் போட்டுக் காட்டுவதில் எனக்கு இருந்த ஆசை எப்போது போனது என்று தெரியவில்லை. காலாண்டுத் தேர்வுத் தாள்களின் கட்டு மேசையில் பத்து நாட்கள் பிரிக்கப்படாமல் கிடந்தது. தம்பியின் தொலைபேசி அழைப்புகளை எடுக்கவில்லை. ஊசிக்கு ஆகும் செலவைக் கணக்குப் போட்டு, நான் இல்லாவிட்டால் இந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு மிஞ்சும் என்று பார்க்கத் தொடங்கியிருந்தேன்.

இதையெல்லாம் வலியின் கணக்கிலேயே எழுதிவைத்திருந்தோம். “இவ்வளவு வலி இருந்தா மனசு சோர்ந்துதானே போகும்” என்று அம்மா சொல்வார், உறவினர்கள் சொன்னார்கள், நானும் எனக்கே சொல்லிக்கொண்டேன். பரிவோடு சொல்லப்பட்ட அந்த வாக்கியம்தான் பல ஆண்டுகள் என்னை மனநல மருத்துவரிடம் போகவிடாமல் தடுத்தது என்று இன்று உறுதியாக நினைக்கிறேன். தூக்கமின்மை, களைப்பு, பசியின்மை ஆகியவை முதுகெலும்பு நோய், மனச்சோர்வு ஆகிய இரண்டிலும் வரும் என்பதால், ஒன்றின் நிழலில் மற்றொன்று எளிதாக ஒளிந்துகொள்கிறது. வலி விலகியபோது அந்த நிழலும் விலகியது. அடியில் வேறொரு நோய் தனியாக இருப்பது அப்போதுதான் தெரிந்தது.

2023 ஜனவரியில் ஓர் இரவு, மனைவியின் வற்புறுத்தலால், அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ஐ அழைத்தேன். எந்நேரமும் இலவசமாகப் பேசக்கூடிய அந்த எண்ணில், தமிழில் பேசிய ஒரு பெண் ஏறத்தாழ அரை மணி நேரம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் செல்லச் சொன்னார். மறுவாரம் போனேன். வரிசையில் நிற்கும்போது தெரிந்த முகம் ஏதும் இருக்கக் கூடாதே என்று பதறியதை மறைப்பதற்கில்லை.

அங்கே ஒரு தாளில் ஒன்பது கேள்விகள் கொடுத்தார்கள். கடந்த இரண்டு வாரங்களில் ஒவ்வொரு தொல்லையும் எத்தனை நாட்கள் இருந்தது என்பதைப் பொறுத்து 0 முதல் 3 வரை மதிப்பெண் இட வேண்டும்; மொத்தம் 27. எட்டுக் கேள்விகளை வேகமாக முடித்துவிட்டு, செத்துப்போவதே மேல் என்ற எண்ணம் வந்ததா என்று கேட்கும் ஒன்பதாவதை வெறுமையாக விட்டுவிட்டேன். மருத்துவர் தாளைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அந்த இடத்தில் விரலை வைத்து, “சார், இதை மட்டும் வாயால சொல்லுங்க” என்றார். சொன்னேன். பன்னிரண்டு ஆண்டுகளில் எவரிடமும் சொல்லாததைச் சொன்னதும் கை நடுங்கியது. என் மொத்த மதிப்பெண் 17.

மனச்சோர்வுக்கும் நாட்பட்ட வலிக்கும் சேர்த்தே உதவக்கூடியது என்று டுலாக்செடின் கொடுத்தார், முதலில் 30 மி.கி., பிறகு 60. நான் ஏற்கெனவே நாப்ராக்சன் என்ற வலி மாத்திரையைச் சாப்பிட்டுவந்ததால், இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு ஏற்படும் வாய்ப்பு கூடும் என்று எச்சரித்து வயிற்றுக்கும் ஒரு மாத்திரை சேர்த்தார். மூட்டுவாத மருத்துவருக்குக் கடிதமும் எழுதித் தந்தார். இரண்டு மருத்துவர்களிடமும் எல்லா மருந்துகளையும் சொல்ல வேண்டும் என்பதை இதைப் படிப்பவர்கள் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் பத்து நாட்கள் குமட்டல் பாடாய்ப் படுத்தியது. பலன் தெரிய ஐந்து வாரங்கள் ஆயின. தானாக நிறுத்திவிடக் கூடாது, நிறுத்துவதானாலும் படிப்படியாகத்தான் என்று அவர் சொன்னதை இன்றுவரை மீறவில்லை.

மாத்திரையைவிடக் கடினமாக இருந்தது உளவியல் ஆலோசகர் சொன்ன ஒரு பழக்கம். வலி குறைந்த நாளில் நிலுவை வேலை அத்தனையையும் இழுத்துப் போட்டுச் செய்துவிட்டு அடுத்த மூன்று நாட்கள் முடங்குவது என் வழக்கம். நல்ல நாளோ கெட்ட நாளோ ஒரே அளவு வேலைதான் என்று அவர் அதை மாற்றச் சொன்னார். இருபது நிமிடம் தாள் திருத்தம், பிறகு தெருமுனை வரை நடை. கைக்கடிகாரம் ஒலித்ததும் பாதிக் கணக்கில் பேனாவை வைப்பது ஓர் ஆசிரியனுக்கு எவ்வளவு பெரிய வேதனை என்பது செய்து பார்த்தால்தான் தெரியும். ஆனாலும் அந்த முழு ஆண்டுத் தேர்வின்போது கட்டு ஒன்றுகூடத் தேங்கவில்லை.

இன்றும் நோய் இருக்கிறது. மழைக்கால அதிகாலைகளில் விறைப்பு கூடுகிறது. சென்ற ஆண்டு கண்ணில் அழற்சி வந்து இரண்டு வாரம் வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த நாட்களில் பழைய எண்ணம் தலைகாட்டியபோது, மறுநாளே மருத்துவமனைக்குப் போனேன்.

முதுகு எவ்வளவு கூன் விழுந்திருக்கிறது என்று பார்க்க, மாதத்தின் முதல் ஞாயிறன்று குதிகாலும் முதுகும் சுவரில் படும்படி நிற்பேன். பின்னந்தலைக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை என் மகள் பள்ளி அளவுகோலால் அளந்து சொல்வாள். அதை ஒரு நோட்டில் எழுதி, பக்கத்திலேயே அந்த ஒன்பது கேள்விகளுக்கான மதிப்பெண்ணையும் எழுதுகிறேன். இந்த மாதம் இடைவெளி 4 செ.மீ., மதிப்பெண் 6. ஒன்பதாவது கேள்விக்கு 0 என்று எழுதினேன்.