ஹார்டியில் விடிந்த இரவு: வாக்கெண்ணும் முகவராகப் போன அனுபவம்

2020 ஓகஸ்ட்டில் என் ரியூசன் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒரு கூட்டல் கணக்கு எழுதி வைத்தேன். 29,379. அதற்குக் கீழே 25,220. கூட்டினால் 54,599. முதலாவது, திகாமடுல்ல என்ற எங்கள் அம்பாறைத் தேர்தல் மாவட்டத்தில் கருணா அம்மான் போட்டியிட்ட அணிக்கு விழுந்த வாக்கு. இரண்டாவது தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்துக்கு விழுந்தது. இரண்டுக்கும் ஆசனம் இல்லை. 38,911 வாக்கு எடுத்த தேசிய காங்கிரசுக்கு ஓர் ஆசனம் கிடைத்தது. மாவட்டத்தில் தெரிவான ஏழு பேரில் ஒரு தமிழரும் இல்லாமல் அந்தப் பாராளுமன்றம் கூடியது. பிறகு தமிழரசுக் கட்சி தன் தேசியப் பட்டியல் இடத்தைக் கலையரசனுக்குக் கொடுத்தது. ஆனால் தேசியப் பட்டியலில் போவதும் நாங்கள் வாக்குப் போட்டு அனுப்புவதும் ஒன்றல்ல.

நான் திருக்கோவில் பக்கம். பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிக்கிறேன். அரச உத்தியோகம் இல்லை என்பதால் தேர்தல் வேலைக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள். 2024 நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலுக்கு, வீட்டுச் சின்னத்தின் வாக்கெண்ணும் முகவராகப் போக நானே பெயர் கொடுத்தேன். போவதற்கு முன் அதைப் பற்றி எழுதிய ஒருவரையும் நான் கண்டதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த ஆண்டு எங்கள் வீட்டுக்குள்ளேயே மூன்று கட்சி. செப்ரெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில் தமிழரசுக் கட்சி சஜித்துக்கு ஆதரவு என்று அறிவித்தது. அதே கட்சிக்காரரான அரியநேத்திரன் தமிழ்ப் பொது வேட்பாளராகச் சங்குச் சின்னத்தில் நின்றார். அப்பா சங்கு. அம்மா சஜித்தின் தொலைபேசி. தம்பி அநுரவின் திசைகாட்டி. இரண்டு கிழமை சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அநுர வென்றார். முந்திய பாராளுமன்றத்தில் மூன்றே மூன்று ஆசனம் வைத்திருந்த கட்சியின் தலைவர். தம்பி வெடி கொளுத்தினான். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, வாசலில் சிதறிய கடதாசியை மட்டும் கூட்டி அள்ளினார்.

சரி, விசயத்துக்கு வருகிறேன்.

முகவராக வேண்டுமானால் கட்சியோ சுயேச்சைக் குழுவோ உங்கள் பெயரைத் தெரிவத்தாட்சி அலுவலருக்குக் கொடுக்க வேண்டும். அங்கிருந்து அனுமதி அட்டை வரும். நான் செய்த பிழையை நீங்கள் செய்ய வேண்டாம். என் கையில் இருப்பது பன்னிரண்டு இலக்கப் புதிய அடையாள அட்டை. மனப்பாடமாக இருந்ததோ 'வீ' போட்ட பழைய இலக்கம். அதையே எழுதிக் கொடுத்துவிட்டேன். வாசலில் பொலிஸ்காரர் அட்டையையும் அனுமதியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறந்த ஆண்டும் மற்ற எண்களும் இரண்டிலும் ஒன்றுதான் என்று விளக்கி, உள்ளே இருந்து ஓர் அலுவலர் வந்து சரி சொல்லும் வரை அரை மணித்தியாலம் மழையில் நின்றேன். நவம்பர் மாதம், பெரும்போகத்து மழை. கைத்தொலைபேசிக்கு உள்ளே இடமில்லை, வந்த வாகனத்திலேயே வைத்துவிட்டுப் போனேன். ஒரு பேனா, வெறும் தாள், சுவெட்டர், மாத்திரை எடுப்பவர் என்றால் மாத்திரை, இவ்வளவும் போதும்.

வாக்கெடுப்பு காலை 7 மணியிலிருந்து மாலை 4 மணி வரை. அதன் பிறகு வாக்குப் பெட்டிகள் பொலிஸ் காவலோடு அம்பாறை நகரத்து ஹார்டி கல்லூரிக்கு வரும். கரையோரத்திலிருந்து வர நேரமெடுக்கும். மண்டபத்துக்குள் முதலில் இரகசியம் காப்பதாக உறுதியெடுத்துக் கையொப்பம் வைக்க வேண்டும். ஆகவே எந்தப் பெட்டியில் எந்தச் சின்னத்துக்கு எத்தனை என்று இங்கே எழுத மாட்டேன். நடந்த முறையைத்தான் எழுதுகிறேன்.

பெட்டியின் முத்திரையை முகவர்களுக்குக் காட்டிவிட்டுத்தான் உடைப்பார்கள். இது முக்கியம். எட்டிப் பாருங்கள், வெட்கப்பட வேண்டாம். தாள்களைக் கொட்டி, வாக்களிப்பு நிலையத்திலிருந்து வந்த கணக்கோடு எண்ணிக்கை சரியா என்று முதலில் பார்ப்பார்கள். அதன் பிறகே கட்சி வாரியாகப் பிரிப்பது. திகாமடுல்லவில் அந்த முறை ஏழு ஆசனத்துக்கு 64 அணிகள், அணிக்குப் பத்துப் பேர், மொத்தம் 640 வேட்பாளர்கள். தாளை அலுவலர்கள் விரித்துப் பிடித்தபோது மேசையின் அகலம் போதவில்லை. முகவர் மேசையைத் தொடக் கூடாது, தாளைத் தொடவே கூடாது. கண்ணால் பார்க்கலாம், வாயால் ஆட்சேபிக்கலாம். முடிவு பிரதான எண்ணும் அலுவலருடையது.

என் பக்கத்தில் முஸ்லிம் காங்கிரசின் மரச் சின்னத்துக்கு நிந்தவூரிலிருந்து வந்த ஒரு காக்கா, முஸ்லிம் அண்ணனை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அடுத்தது திசைகாட்டிக்கு உகணையிலிருந்து வந்த ஒரு பெடியன், இருபத்தைந்து வயது இருக்கும். மண்டபத்தில் பேச்சு பெரும்பாலும் சிங்களத்தில் போனது. எனக்கு அது அரைகுறை. காக்கா கேட்காமலேயே மெல்லிய குரலில் மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தார். "புள்ள, இப்ப சந்தேகமான தாளெல்லாம் தனியா வைக்கிறாங்க, நல்லாப் பாருங்க."

பார்த்தேன். ஒரு தாளில் புள்ளடி (X குறி) கட்டத்துக்குள் இல்லை, வீட்டுப் படத்தின் மேலேயே கிடந்தது. தடித்த, நடுங்கிய கோடு. வயதான கையாக இருக்க வேண்டும். அலுவலர் அதைச் சந்தேகக் கட்டில் வைத்தார். "வேறு எங்கும் குறி இல்லை, யாருக்குப் போட்டது என்று தெளிவாக இருக்கிறது" என்று நான் சொன்னேன். காக்கா சிங்களத்தில் சொன்னார். பிரதான அலுவலர் தாளைக் கிட்டப் பிடித்துப் பார்த்து ஏற்றுக்கொண்டார். எனக்கு உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. ஒரு வாக்குத்தான். ஆனால் அது எங்கேயோ ஒரு கிழவி மழைக்குள் நடந்து வந்து போட்டது.

கொஞ்ச நேரத்தில் அதே மாதிரி இன்னொரு தாள். இந்த முறை புள்ளடி திசைகாட்டிப் படத்தின் மேல். உகணைப் பெடியன் ஒன்றும் பேசவில்லை, என்னைத்தான் பார்த்தான். என் முறை என்று புரிந்தது. "அதுவும் செல்லும்" என்றேன். அதற்குப் பிறகு எங்கள் மூவருக்கும் இடையில் வாக்குவாதமே வரவில்லை. நான் எந்த விதியைக் கேட்டு வாங்கினேனோ, அந்த விதியை மற்றவனுக்கும் கொடுக்க வேண்டும். அந்த மண்டபத்தில் எண்ணிக்கையை நான் நம்பியதற்குக் காரணம் இதுதான். எனக்கு எதிரான இரண்டு சோடிக் கண்கள் அதே தாளைப் பார்த்துக்கொண்டிருந்தன.

மனம் உடைந்தது வேறோர் இடத்தில். நிராகரிக்கப்பட்ட வாக்குகளைப் பார்த்தபோது. பாராளுமன்றத் தேர்தலில் முதலில் கட்சிக்குப் புள்ளடி போட வேண்டும். அதன் பிறகு விரும்பினால் கீழே உள்ள வேட்பாளர் இலக்கங்களில் மூன்று வரை விருப்பு வாக்கு. விருப்பு வாக்குப் போடாமல் விட்டாலும் கட்சி வாக்குச் செல்லும். கட்சிக்குப் போடாமல் இலக்கத்துக்கு மட்டும் போட்டால் முழுத் தாளும் போச்சு. இலக்கத்துக்கு மட்டும் அழகாக, கட்டத்தின் நடுவில், மூன்று புள்ளடி போட்ட தாள்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவற்றுக்காக எந்த முகவரும் வாய் திறக்க முடியாது. யாருடைய வாக்கு என்றே தெரியாது.

இதற்கு நாங்கள்தான் பொறுப்பு என்று நினைக்கிறேன். ஒரு மாதமாக ஒவ்வொரு வேட்பாளரும் தன் இலக்கத்தையே ஊரெல்லாம் ஒட்டினார்கள். ஒலிபெருக்கியில் சின்னத்தை விட இலக்கம்தான் அதிகம் கேட்டது. ஒரே பட்டியலில் இருப்பவர்களுக்குள் நடந்த விருப்பு வாக்குப் போட்டி அது. கேட்டுக் கேட்டு, இலக்கத்துக்குப் போட்டால் போதும் என்று சனம் நம்பிவிட்டது.

இந்த மாவட்டத்தில் அது சின்ன விசயமில்லை. இங்கே தமிழர் ஆறில் ஒரு பங்கு அளவுதான். ஏழு ஆசனத்தில் ஒன்று, முதலாவதாக வரும் கட்சிக்குப் போனஸாகப் போய்விடும். நூற்றுக்கு ஐந்து வீதம் எடுக்காதவர்களைக் கழித்துவிட்டு, மிச்ச வாக்கை ஆறால் வகுப்பார்கள். வரும் எண்ணை முழுதாக எட்டியவர்களுக்கு முதலில் ஆசனம். கடைசி ஆசனங்கள் மீதி வாக்கு யாருக்கு அதிகம் என்று பார்த்தே பங்கிடப்படும். நாங்கள் நிற்பது எப்போதும் அந்த மீதியின் வரிசையில். அந்த வரிசையில் சில ஆயிரம் வாக்கு இங்கே அல்லது அங்கே என்றால், ஐந்து வருடம் இங்கே அல்லது அங்கே.

விருப்பு வாக்கு எண்ணத் தொடங்கியபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. ஒருவர் இலக்கத்தை வாசிக்க மற்றவர் கோடு போடுவார். நான்கு கோடு, குறுக்கே ஒன்று. விடிய விடிய அதே சத்தம். காக்கா தொழுதுவிட்டு வரும்போது மூன்று பேருக்கும் தேத்தண்ணி கொண்டு வந்தார். உகணைப் பெடியன் தன் பாண் பையைப் பிரித்து நடுவில் வைத்தான். தூக்கம் வந்தபோது முறை வைத்துக்கொண்டோம். ஒருவர் கண்ணை மூடினால் மற்ற இருவரும் பார்க்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை, பௌர்ணமி நாள். திகாமடுல்ல முடிவு: திசைகாட்டி நான்கு, மரம் ஒன்று, மக்கள் காங்கிரசின் மயில் ஒன்று, வீடு ஒன்று. 2015இல் இங்கே வென்றிருந்த கோடீஸ்வரனே திரும்பவும் தெரிவானார். நாடு முழுவதும் 225இல் 159 திசைகாட்டியின் தேசிய மக்கள் சக்திக்கு. யாழ்ப்பாணத்திலும் அவர்களே முதலிடம், மட்டக்களப்பு மாவட்டத்தில் மட்டும் வீடு முந்தியது. அப்படி ஓர் அலைக்குள் எங்களுக்கு ஓர் ஆசனம் தப்பியது. உகணைப் பெடியன் கை கொடுத்தான். நானும் அவனுக்கு வாழ்த்துச் சொன்னேன், உண்மையாகவே சொன்னேன்.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுப் பக்கத்து வீட்டு அம்மம்மாவிடம் போனேன். எழுபத்தெட்டு வயது. எப்படிப் போட்டீங்கள் அம்மம்மா, யாருக்கென்று சொல்ல வேண்டாம், எப்படி என்று மட்டும் காட்டுங்கள் என்றேன். சுவரில் தொங்கிய கலண்டரில் விரலால் காட்டினா. மேலே ஒன்றும் இல்லை. நேரே கீழே வந்து ஓர் இலக்கத்தில் பெரிய புள்ளடி. "நம்பருக்குத்தானே போடச் சொன்னாங்க, மகள்?"

நான் அவவிடம் உண்மையைச் சொல்லவில்லை. ஆனால் 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலுக்கு முந்திய கிழமை, மாதிரித் தாள் வரைந்து எடுத்துக்கொண்டு எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாகப் போனேன். எந்தச் சின்னத்துக்கும் கேட்கவில்லை. இந்தத் தேர்தலில் விருப்பு இலக்கமே இல்லை, ஒரே ஒரு புள்ளடிதான், சின்னத்துக்கு நேரே உள்ள கட்டத்துக்குள் என்று காட்டினேன். அம்மம்மாவிடம் பென்சிலைக் கொடுத்து மூன்று தரம் போட வைத்தேன். மூன்றாவது தரம் கட்டத்துக்குள் விழுந்தது.