லோபின் தேற்றத்தை செமினாருக்கு எடுக்கப் போகிறவர்களுக்கு

எம்.எஸ்சி. கணிதத்தில் லாஜிக் எடுத்தவர்கள் பெரும்பாலும் கோடெலின் முழுமையின்மைத் தேற்றங்களோடு நின்றுவிடுகிறார்கள். நான் மதுரையில் படித்தபோது செமினாருக்கு லோபின் தேற்றத்தை எடுத்தேன். நீங்களும் எடுங்கள், அவ்வளவு அழகான விஷயம்.

“என்னை நிரூபிக்க முடியாது” என்று தன்னைப் பற்றியே சொல்லும் வாக்கியம் கோடெலுடையது. “என்னை நிரூபிக்க முடியும்” என்று சொன்னால் என்ன ஆகும்? 1952-ல் லாஜிக் அறிஞர் லியோன் ஹென்கின் இதைக் கேட்டார். அதை நிரூபிக்கவே முடியும் என்று மார்ட்டின் லோப் 1955-ல் காட்டினார். பொதுவாகச் சொன்னால், க என்பது ஏதோ ஒரு வாக்கியம்: “க-வுக்கு நிரூபணம் இருந்தால் க உண்மை” என்பதைப் பியானோ எண்கணிதம் (இயல் எண்களுக்கான அடிப்படை விதிகளின் தொகுப்பு) நிரூபித்தால், க-வையே நிரூபித்துவிடும்.

க இருக்கும் இடத்தில் 0 = 1 என்று போட்டுப் பாருங்கள். “0 = 1-க்கு நிரூபணம் இருந்தால் 0 = 1” என்பது, அந்த எண்கணிதம் தன்னைப் பற்றியே “எனக்குள் முரண்பாடு இல்லை” என்று சொல்வதேதான். அதை நிரூபித்தால் 0 = 1-ம் கூடவே வந்துவிடும். முரண்பாடில்லாத எண்கணிதம் தனக்குள் முரண்பாடு இல்லை என்பதைத் தானே நிரூபிக்க முடியாது என்ற கோடெலின் இரண்டாம் தேற்றம் இரண்டே வரியில் கிடைக்கிறது! நிரூபணத்தை நம்பிக்கை என்று மாற்றி வாசித்தாலும் இதே கதைதான். அதே விதிகளின்படி யோசிக்கும் ஒருவர் “நான் நம்புவதெல்லாம் உண்மை” என்று நம்பிவிட்டால், முரண்பாட்டையும் நம்ப வேண்டியதாகிவிடும்.

நிரூபணத்தில் ‘ல’ என்று ஒரு துணை வாக்கியம் வரும்: “எனக்கு நிரூபணம் இருந்தால், க.” மதிப்பெண் போவது இங்கேதான். ஒரு வரி தேற்றம் என்றால் மட்டுமே “அதற்கு நிரூபணம் உண்டு” என்பதை அடுத்த வரியாக எழுதலாம். தற்காலிகமாக வைத்துக்கொண்ட அனுமானத்துக்கு அப்படி எழுதக் கூடாது. இங்கே “ல-வுக்கு நிரூபணம் உண்டு” என்ற அனுமானத்தில் தொடங்கி க-வுக்கு வருகிறோம். “ல-வுக்கு நிரூபணம் இருந்தால் க” என்பது அனுமானம் ஏதும் மிச்சமில்லாமல் வந்து சேரும்போது, அது ல சொல்வதேதான். ஆகவே ல தேற்றமாகிவிட்டது. அப்புறம்தான் “ல-வுக்கு நிரூபணம் உண்டு” என்று எழுதலாம். அங்கிருந்து க ஒரே எட்டு.

மதுரை புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023-ல் திறந்தாகிவிட்டது, உட்கார்ந்து எழுத நல்ல இடம். ஒவ்வொரு வரிக்கும் காரணத்தை வலப்பக்கம் எழுதுங்கள். எழுதி முடித்ததும் வெளியே வந்து நண்பரிடம் வரிவரியாகச் சொல்லுங்கள். ஒவ்வொரு வரிக்கும் அவர் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: “மாப்ள, இது தேற்றமா, அனுமானமா?”

நிரூபணம் பற்றிய லாஜிக்குக்கான சோலோவேயின் 1976 முழுமைத் தேற்றத்தைப் பெயர் சொல்லிக் கடந்துவிடுங்கள், அதற்குத் தனி செமினார் வேண்டும். ஹென்கின் கேள்விக்கு லோப் எப்படிப் பதிலாகிறது என்று கட்டாயம் கேட்பார்கள், அதைப் பார்க்காமல் எழுதிப் பழகுங்கள்.