இருமச் சொல்லிப் பார்த்தால் தெரியும்

பெரிய வயிற்று ஒப்பரேஷன் முடிந்து எங்கள் வார்டுக்கு வருகிறவர்களிடம் "நோகுதா?" என்று மட்டும் நான் கேட்பதில்லை. "ஒருக்கா இருமுங்கோ" என்பேன். அசையாமல் படுத்திருக்கும்போது எந்த மருந்தும் நல்ல மருந்துதான். இரும முடியாவிட்டால் சளி நெஞ்சிலேயே தங்கும். நிமோனியா வர அது போதும்.

இருமும் அளவுக்கு நோவைக் குறைக்க முதுகில் போடுவதுதான் எபிடியூரல். அந்தப் பெயரைக் கேட்டதும் வெள்ளவத்தையில் என் சொந்தக்காரர்களுக்குப் பிரசவம்தான் ஞாபகம் வருகிறது. மேல்வயிற்று ஒப்பரேஷனுக்கு ஊசி போடுவது அதைவிட மேலே, நடு முதுகில். தண்டுவட உறைக்கு வெளியே மெல்லிய குழாய் ஒன்றை வைத்து, பம்ப் மூலம் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவார்கள்.

என்ன மருந்து என்பதில்தான் வித்தியாசமே. விறைக்க வைக்கும் மருந்தான புபிவகேய்னை மட்டும் போதிய அளவு கொடுத்தால் நன்றாக விறைக்கும், ஆனால் பிரஷர் இறங்கும், சிலருக்குக் கால் பாரமாகும். மோர்ஃபின் நீரில் கரையும் சாமான். தண்டுவட நீரோடு மேலே ஏறும். ஒரு தரம் கொடுத்தாலே அடுத்த நாள் வரைக்கும் தாங்கக்கூடும். ஆனால் பல மணித்தியாலம் கழித்தும் மூச்சு மெதுவாகலாம் என்பதால், இரவு முழுக்க மூச்சை எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். தோல் அரிப்பு, குமட்டல், சலம் போகாமை வேறு. குடல் அசையவும் பிந்தும். மோர்ஃபின் வகையைச் சேர்ந்த ஃபென்டனில் கொழுப்பில் கரைவது; சீக்கிரம் வேலை செய்யும், சீக்கிரம் இறங்கியும் விடும்.

என்னைக் கேட்டால் கலவைதான் சரி. 0.1 சதவீத புபிவகேய்னோடு மில்லிலீட்டருக்கு 2 மைக்ரோகிராம் ஃபென்டனில் சேர்த்தால் இரண்டுமே குறைவாகப் போதும், நோயாளியும் இருமுவார். புபிவகேய்ன் போன்ற இன்னொரு மருந்தான ரோபிவகேய்ன் காலை அவ்வளவு தளர்த்தாது என்பார்கள். உண்மைதான், ஆனால் இவ்வளவு நீர்த்த மருந்தில் அந்த வித்தியாசம் சிறியது.

மருந்து சரியாக இருந்தும் நோகும் ஆட்கள் உண்டு. கையுறைக்குள் ஐஸ்கட்டி போட்டு ஒரு ஐயாவின் வயிற்றில் இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்தேன். "இந்தப் பக்கம் சில்லெண்டு இருக்கு பிள்ளை, அந்தப் பக்கம் ஒண்டும் தெரியேல்லை" என்றார். சில்லென்று தெரிந்த பக்கம் விறைக்கவில்லை; மருந்து மற்றப் பக்கமாகவே போயிருந்தது. மயக்க மருந்து டொக்டர் வந்து குழாயைக் கொஞ்சம் வெளியே இழுத்து ஒரு டோஸ் விட்டார். அப்புறம் ஐயா தலையணையை வயிற்றில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நன்றாக இருமினார். எனக்குப் பெரிய சந்தோஷம்.

பக்கத்தில் நிற்கிற சொந்தக்காரர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். கால் விறைப்பு கூடிக்கொண்டு போனாலோ, தூக்க முடிந்த காலைத் தூக்க முடியாமல் போனாலோ டொக்டர் வரும் நேரம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். உடனே எங்களைக் கூப்பிடுங்கள். பம்பை நிறுத்திப் பார்ப்போம். நிறுத்தியும் பலம் திரும்பாவிட்டால் தண்டுவடத்துப் பக்கம் இரத்தம் கட்டியிருக்கலாம். அவசரமாக எம்ஆர்ஐ எடுத்தாக வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க ஊசி போடுகிறவர்களில் இதை இன்னும் கவனமாகப் பார்ப்போம். குழாயைக் கழற்றுவதும் அந்த ஊசியின் நேரத்தைப் பார்த்துத்தான்.