மலைப்பாதை பஸ்ஸில் சத்தியை அளப்பது: எங்கெங்கே சறுக்கும்?

பஸ் பயணத்தில் வரும் குமட்டலையும் சத்தியையும் (வாந்தியையும்) அளக்கும் ஆய்வுக்கு அனுமதி கைக்கு வந்து, இலங்கை மலையகத்தின் கம்பளை - நுவரெலியா பாதையில் தரவும் ஒருவழியாகச் சேர்ந்துவிட்டது. உட்காது ஒன்றைச் சொல்ல, கண் வேறொன்றைச் சொல்ல, மூளை திண்டாடுகிறது என்ற விளக்கம் இதை வாசிக்கிற எல்லாருக்கும் தெரியும். அதை விட்டுவிட்டு, வேலையைக் கெடுப்பவை எவை என்று மட்டும் எழுதுகிறேன்.

முதல் இடி, ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவின் கவுன்டரில். விண்ணப்பக் கோப்பை வாங்கிய இலிகிதர் பக்கங்களை எண்ணினார், முத்திரை குத்தினார், உள்ளே வைத்தார். சிங்களச் சம்மதப் படிவம் இல்லை என்று வாய் திறக்கவில்லை. குழு மாதத்துக்கு ஒருமுறைதான் கூடும். கூட்டம் முடிந்த பிறகே ‘குறைபாடு உண்டு’ என்று கடிதம் வந்தது. ஒரு தாளுக்காக ஒரு மாதம் போச்சு. தோட்டத்துத் தமிழ்ப் பயணிகள்தானே என்ற வாதம் எடுபடாது. பொது பஸ் என்றால் மூன்று மொழியிலும் படிவம் வேண்டும். கையளிக்கும் முன் சரிபார்ப்புப் பட்டியலைக் கேட்டு வாங்கி, அதிலேயே கையொப்பம் பெற்றுக்கொள்ளுங்கள்.

அடுத்த முட்டுக்கட்டை சிறுவர்கள். சத்தி அதிகம் வருவது பன்னிரண்டு வயதுக்கு முன்புதான். ஆனால் 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் பெற்றோரின் கையொப்பத்தோடு பிள்ளையின் இணக்கமும் வேண்டும். காலை பஸ்ஸில் தனியாகப் பாடசாலை போகிற பிள்ளைக்குப் பெற்றோர் எங்கே? பெற்றோர் கூட்ட நாளில் முன்கூட்டியே வாங்கினால்தான் உண்டு. தோட்ட நிர்வாகத்தின் கடிதம் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். அது தோட்டத்துக்குள் போக அனுமதி, ஆட்களின் சம்மதம் அல்ல.

ஒருவருக்குப் பயணத்தில் எவ்வளவு எளிதில் சத்தி வரும் என்று கேட்கும் வினாக்கொத்துக்கு, ஆய்வாளர் கோல்டிங் 2006இல் வெளியிட்ட குறுவடிவம் போதும். ஒன்பது வகை ஊர்திகளும் ஆட்டங்களும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி. பன்னிரண்டு வயதுக்கு முன் ஒரு தடவை, கடந்த பத்து வருடங்களுக்கு ஒரு தடவை. இங்கே விழும் குழி, ‘ஏறியதே இல்லை’ என்ற பதில். கப்பல், விமானம், ராட்சத ரயில் எதிலும் ஏறாதவர் மலையகத்தில் ஏராளம். அவற்றுக்குப் பூச்சியம் போட்டுக் கூட்டினால், கடலையே காணாதவர் கடல் பயணத்தில் கில்லாடி ஆகிவிடுவார். மொத்தப் புள்ளியை 9ஆல் பெருக்கி, ஏறிய வகைகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 6 புள்ளி, மூன்று வகையில் ஏறியதில்லை என்றால் விடை 9. இரு பகுதிக்கும் தனித்தனியாகக் கணக்கிட்டுப் பிறகு கூட்டுங்கள். பட்டியலில் முச்சக்கரவண்டி கிடையாது; கேட்க ஆசைப்பட்டால் கடைசியில் தனிக் கேள்வியாக வையுங்கள், புள்ளியில் சேர்க்காதீர்கள்.

இந்தத் தாளை ஓடும் பஸ்ஸில் கையில் கொடுக்கவே கூடாது. வளைவில் குனிந்து வாசிப்பதே சத்தியைக் கிளப்பும். பிறகு நீங்கள் அளப்பது பாதையை அல்ல, உங்கள் வினாக்கொத்தை. தரிப்பிடத்தில் வைத்தே நிரப்பி முடியுங்கள். ஓட்டத்தின்போது வாய்க்கேள்வி மட்டும்: 0 முதல் 10 வரையான அளவுகோல், 6இலிருந்து குமட்டல், 10 என்றால் சத்தி. ஒருவர் சத்தி எடுத்துவிட்டால் அந்த நேரத்தையும் சீட்டையும் உடனே குறியுங்கள். அதன்பின் பக்கத்துச் சீட்டுக்காரர் சொல்லும் எண் கூடினால், அதற்கு மணமும் ஒரு காரணம். சிலிசிலிப் பைகள் தாராளமாக இருக்கட்டும்.

போனை ஆர்முடுகல்மானியாக, அதாவது பஸ்ஸின் அசைவை அளக்கும் கருவியாகப் பயன்படுத்தலாம், ஆனால் மடியிலோ சட்டைப் பையிலோ வைத்தால் பதிவாவது உங்கள் உடம்பின் ஆட்டம். இரட்டைப் பக்க டேப்பால் தரையில் ஒட்டுங்கள். பற்றரி சேமிப்பை நிறுத்தாவிட்டால் திரை அணைந்ததும் பதிவு நின்றுவிடும்; றம்பொடை தாண்டிப் பார்த்தால் கோப்பு புசல்லாவையோடு முடிந்திருக்கும். பதிவுச் செயலியில் உள்ள ‘புவியீர்ப்பு நீக்கிய’ தெரிவை நம்பவேண்டாம். மெதுவான அசைவைப் புவியீர்ப்பு என்று நினைத்து அது வெட்டிவிடும், நமக்கு வேண்டியதோ அதுவேதான். 1974இல் ஓஹன்லன், மக்கோலி என்ற ஆய்வாளர்கள் மேல்கீழ் ஆட்டத்தில் கண்டது, 0.2 ஹேர்ட்ஸ் அளவில், அதாவது ஐந்து செக்கனுக்கு ஒரு ஆட்டத்தில், சத்தி உச்சம் என்பது. பள்ளத்தில் விழும் குலுக்கலின் மீடிறன் இதைவிடப் பல மடங்கு அதிகம். இடுப்பு நோகும், குமட்டாது. மூலப் பதிவையே எடுத்து, சரிவைப் பின்னர் திருத்துங்கள். ஐந்து பாகை ஏற்றத்தில் பஸ் சும்மா நின்றாலே முன்பின் அச்சில் 0.85 மீ/செ² காட்டும். இன்னொன்று: உடம்பில் படும் அதிர்வை மதிப்பிடும் சர்வதேச நியமமான ஐஎஸ்ஓ 2631இல் சத்தி வீதத்தைக் கணிக்கும் சூத்திரம் மேல்கீழ் அசைவுக்கு மட்டும் உரியது. பக்கவாட்டு எண்களை அதில் போட்டு அறிக்கை எழுதுகிறவர்கள் உண்டு.

முன்சீட்டுக் கணக்கிலும் கவனம். முன்னால் பாதை தெரிந்தால் சத்தி குறையும் என்று 1999இல் டேர்னரும் கிரிஃபினும் மூவாயிரத்துக்கு மேற்பட்ட பஸ் பயணிகளிடம் கேட்டு எழுதியிருக்கிறார்கள். நம் பஸ்ஸில் அது தலைகீழாகத் தெரியலாம், ஏனென்றால் சத்தி வருகிறவரைத்தானே நாம் முன்னால் அனுப்புகிறோம்? மதகுருமாருக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஒதுக்கிய சீட்டுகளும் அங்கேதான். சீட்டு எண்ணோடு, ஏன் அதில் உட்கார்ந்தார் என்பதையும், காலையில் சத்திக்குக் குளிசை போட்டாரா என்பதையும் கேட்டே ஆகவேண்டும்.

இறங்கியதும் விட்டுவிடாதீர்கள். குமட்டல் இல்லாமலே தூக்கமும் சோம்பலும் வருவதை 1976இல் கிரேபியல், நெப்டன் இருவரும் தனி நோய்க்குறியாக விவரித்தார்கள். அரை மணி கழித்து இன்னொரு தடவை கேட்டால்தான் அது பிடிபடும். குளிர், உயரம் என்று ஆட்கள் காரணம் சொல்வார்கள். நுவரெலியா 1,868 மீற்றர்தான், மலைநோய் பொதுவாக 2,500க்கு மேல்.

கடைசிச் சிக்கல் சாரதி. 15 மீற்றர் ஆரை வளைவில் மணிக்கு 25 கிலோமீற்றரில் போனால் பக்கவாட்டு ஆர்முடுகல் 3.2 மீ/செ², 20இல் போனால் 2.1. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது, எல்லாம் அவர் கால் விரலில். போனைக் கண்டதும் எந்தச் சாரதியும் மாப்பிள்ளை ஊர்வலம் போல ஓட்டுவார். பதிவில் பெயரோ பஸ் இலக்கமோ இராது, டிப்போவுக்கோ முதலாளிக்கோ எதுவும் போகாது என்று எழுத்தில் கொடுங்கள். அப்படிக் கொடுத்தாலும் தொடக்க ஓட்டங்களின் தரவைக் கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கிவையுங்கள். கொண்டக்டர் உங்களிடம் டிக்கட் காசு கேட்க மறந்துபோகிற அளவுக்குப் பழகிய பிறகுதான் வழக்கமான ஓட்டம் பதிவாகும்.