கொடு, கோடு

"அண்ணா, 720-க்கு மாத்தினா எழுத்து மங்குதுண்ணா. ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு ரெண்டும் ஒண்ணாத் தெரியுது" என்றான், நாங்கள் செய்த கம்ப்யூட்டர் விளையாட்டை ஓட்டிப் பார்த்த பையன், என்னோடு வேலை செய்பவன். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "1080 மானிட்டர்ல 720 வச்சா மங்காம இன்னா பண்ணும்?" என்றேன். "சரிண்ணா" என்று போய்விட்டான்.

அந்தச் "சரிண்ணா" ஒரு வருடமாக என்னை விடவில்லை.

நான் சொன்னது தப்பில்லை. எல்சிடி திரையில் புள்ளிகளின் எண்ணிக்கை மாறாது; எங்கள் மானிட்டரில் குறுக்கே 1920, நெடுக்கே 1080. அதில் 1280-க்கு 720 படத்தை விரித்தால் விளையாட்டின் ஒரு புள்ளிக்குத் திரையில் குறுக்கிலும் நெடுக்கிலும் ஒன்றரைப் புள்ளி. அரைப் புள்ளியை எங்கே வைப்பது? பக்கத்து நிறத்தோடு கலந்துதான் ஆக வேண்டும். காட்பாடி ஆபீசுக்குப் புதிதாக வருகிற எல்லோருக்கும் இந்தப் பாடத்தை நான்தான் எடுப்பேன். அந்த மிதப்பு என்றும் சொல்லலாம்.

ஆனால் அவன் காட்டியது வேறு. விளையாட்டு தொடங்கும்போதே எழுத்துகளையெல்லாம் 1080-க்கு ஏற்ற அளவில் வரைந்து ஒரே படமாக வைத்துக்கொள்ளும்படி செய்திருந்தேன். விளையாட்டின் ரெசல்யூஷன், அதாவது படத்தின் புள்ளி அளவு, மாறினால் திரும்ப வரையாது. 36 புள்ளி உயர எழுத்தை 24-க்கு நசுக்கும். அதை மானிட்டர் மறுபடி 36-க்கு இழுக்கும். ஒரு மங்கல் மானிட்டருடையது, இன்னொன்று என்னுடையது. ஆங்கிலம் இதைத் தாங்கிக்கொள்ளும். தமிழில் கொம்பின் சுழி கலங்கினால் போச்சு.

திரும்ப வரைய வைத்திருக்கலாமே? தமிழுக்கு வடிவங்கள் அதிகம், கு, கூ வரிசைக்கெல்லாம் தனித்தனி. பழைய கம்ப்யூட்டரில் திரை ஒரு கணம் நின்றுபோகும். அதற்குப் பயந்துதான் விட்டேன் என்று இப்போது சொல்கிறேன். அன்று அந்த நினைப்பே இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம், கரண்ட் வேறு வந்து வந்து போனது, வீட்டுக்குக் கிளம்பும் அவசரம்.

குடியாத்தத்தில் அவன் அக்கா மகள், இரண்டாம் வகுப்பு, திரையில் "கோடு" என்றிருந்ததை "கொடு" என்று படித்துவிட்டு, "யாருக்கு மாமா கொடுக்கணும்?" என்று கேட்டாளாம். அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குறிலுக்கும் நெடிலுக்கும் கொம்பை வேறாக்கியவர் வீரமாமுனிவர் என்பார்கள். 18-ஆம் நூற்றாண்டில் அவர் பிரித்து வைத்ததை நான் ஒரு வெள்ளிக்கிழமையில் ஒன்றாக்கியிருந்தேன்.

திருத்த அரை நாள்தான் ஆனது. திரை நிற்கிறது என்று இதுவரை யாரும் சொல்லவில்லை. அவனைக் கூப்பிட்டு 720-இல் வைத்துக் காட்டினேன். கொம்பு தெரிந்தது, ஓரம் மட்டும் கொஞ்சம் பூத்த மாதிரி இருந்தது.

"இது மானிட்டர்தானேண்ணா?" என்றான்.

ஆமாம் என்றேன். குத்திக் காட்டினானா, நிஜமாகவே கேட்டானா என்று அவன் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.