ரோடு நல்லாத்தான் இருக்கு

"ரோடு எப்படி இருக்கு?" என்று அந்தப் பெண் கேட்டார். "நல்லாத்தான் இருக்கு, இப்பதான் வந்தேன்" என்றேன். பேச்சு அவ்வளவுதான். இரண்டு வருடம் ஆகியும், வட கனடாவின் டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலையில் பாதி வழியில் இருக்கும் ஈகிள் பிளெயின்ஸில் டீசல் போட நிற்கும்போதெல்லாம் அந்தப் பதில் திரும்பத் திரும்ப வருகிறது.

நான் சொன்னது பொய் இல்லை. வடக்கே இனுவிக் ஊரில் சரக்கை இறக்கிவிட்டுத் தெற்கே வந்துகொண்டிருந்தேன். மெக்கன்சியிலும் பீல் ஆற்றிலும் ஃபெர்ரி காத்திருக்க வைக்கவில்லை. ரிச்சர்ட்சன் மலைப் பக்கம் காற்றுகூட அடங்கியிருந்தது. டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலையில் அதைவிட நல்ல நாள் அமைவது கஷ்டம்.

ஆனால் அந்தப் பெண்ணும் கணவரும் வந்த காரைப் பார்த்தேன். சின்ன கார். முன் டயரில் பட்டன் தேய்ந்து வழவழவென்று இருந்தது. பின்னால், அவர்கள் போகவிருந்த வடக்கில், வானம் கறுத்து வருவதை வண்டிக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டேதான் வந்திருந்தேன். அதை ஏன் சொல்லவில்லை? அவர் வானத்தைப் பற்றிக் கேட்கவில்லை, ரோட்டைத்தான் கேட்டார். இப்படிச் சொல்லிக்கொண்டால் கொஞ்ச நேரம் மனசு ஆறும்.

இந்த ரோடு நம் ஊர் ஏரிக்கரை மாதிரி. அடியில் மண் எப்போதும் உறைந்தே கிடக்கிறது. அது இளகினால் ரோடு உள்வாங்கிவிடும். அதனால்தான் 1.2 மீட்டரிலிருந்து 2.4 மீட்டர் வரை சரளையைக் கொட்டி உயர்த்தியிருக்கிறார்கள். 1959இல் ஆரம்பித்த வேலை, 1979இல்தான் முழுப் பாதையும் திறந்தது. புழுதி அடங்கக் கால்சியம் குளோரைடு என்ற உப்பைப் போடுகிறார்கள். மழை பெய்தால் மேல்பரப்பு குழைந்து வழுக்கும். விளிம்பைத் தாண்டினால் நேராகச் சரிவுதான். பாரவண்டி ஓட்டுகிற எனக்கு அது ஒரு ரோடு, அந்தக் காருக்கு அது வேறு ரோடு. இது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

அடுத்த வாரம் ஈகிள் பிளெயின்ஸில் காபி ஊற்றிக்கொடுத்த அம்மாதான் சொன்னார். ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டி, மழையில், கார் கரையை விட்டு இறங்கிவிட்டதாம். காரை ஓட்டிய கணவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிவு. வேறொரு வண்டி வரும்வரை மூன்று மணி நேரம் நனைந்தபடி நின்றிருக்கிறார்கள்.

இந்த ரோட்டுக்குப் பெயர் கொடுத்த போலீஸ்காரர் டெம்ப்ஸ்டர், 1911இல் காணாமல் போன போலீஸ் ரோந்துக் குழுவைத் தேடிப்போனவர். அந்தக் குழுவின் தலைவர் ஃபிட்ஸ்ஜெரால்ட், சில நாள் வழிகாட்டிய, குவிச்சின் என்ற பழங்குடியைச் சேர்ந்த ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டார். அப்புறம் வழி தவறி, கிளம்பிய இடமான ஃபோர்ட் மக்பெர்சனுக்குத் திரும்பி வரும் வழியில் நான்கு பேரும் இறந்தார்கள். வழி தெரிந்தவனைக் கேட்காமல் போனது அவர்கள் தவறு என்பார்கள். சரி. ஆனால் அந்தப் பெண் வழி தெரிந்தவனிடம்தானே வந்து கேட்டார்?

முப்பது வருடமாக இங்கே ஓட்டும் அண்ணன் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "ரோடு எப்படி இருக்குன்னு மட்டும் சொல்லு. போறதும் இருக்கிறதும் அவங்க முடிவு. அதை நீ தலையில் ஏத்திக்காதே" என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் என்னால் அப்படி விட முடியவில்லை. அதற்குப் பிறகு யார் கேட்டாலும் வானத்தையும் டயரையும் பார்த்துவிட்டுத்தான் வாய் திறக்கிறேன்.

போன ஆகஸ்டில் ஒருவர் கேட்டார். மேகம் கூடியிருந்தது, அவர் வண்டியில் ஒரே ஒரு ஸ்டெப்னி. "இன்னைக்குப் போகாதீங்க, காலையில் பார்த்துக்கலாம்" என்று அழுத்திச் சொன்னேன். என்னை நம்பி அறை எடுத்துத் தங்கினார். மறுநாள் காலை இனுவிக்கில் அவருடைய அண்ணனின் அடக்கம் என்பதைப் பிறகுதான் சொன்னார். அன்று இரவு மழை பெய்யவில்லை.